திருடனுக்கு ஒரு பெட்டிசன்

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மேக்கணக்குத் தேயிலைத் தோட்டத்தில், எட்டாம் லயத்து வரிசை வீட்டின் ஐந்தாவது காம்பராவில் இருந்தவர்கள்:

வீரய்யா. வயது அறுபத்தொன்று. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். இருபத்தாறு வருடத்தில், தோட்டத்து மானேஜராக வந்த ஒன்பது துரைமாருக்குப் பெட்டிசன் எழுதியவர். அவற்றில் நான்குக்குப் பதில் வந்திருக்கிறது.

ராக்காயி. அவர் மனைவி. கொழுந்து எடுப்பவள்.

சுமன். மகன். வயது இருபத்துமூன்று. அரசாங்கத்தின் கணக்கில் இன்னும் பிறக்காதவன்.

ஜெயந்தினி. மகள். தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சர். மூன்று நாள் பயிற்சிக்குக் கண்டிக்குப் போயிருந்தவள், விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அப்போதுதான் வந்து பையை இறக்கி வைத்தாள்.

ஒரு கொம்பியூட்டர். மேசைத்துணியால் போர்த்தியிருந்தது.

ராக்காயி பால்மா போட்ட தேத்தண்ணியை நீட்டினாள். ஜெயந்தினி கோப்பையைப் பார்த்தாள். அந்த வீட்டில் பால்மாத் தேத்தண்ணி என்றால் சங்கத்துப் பெரிய மனிதர் யாராவது வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது செத்திருக்க வேண்டும்.

"யாரும்மா செத்தது?"

"வந்ததும் வராததுமா என்னா பேச்சு பேசுற. குடி."

"அப்ப ஏன் பால்மா?"

ராக்காயி மேசைத்துணியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சுமன் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தான். 2008 நவம்பர் பதினாறு. அடுத்த கட்டத்தில், பதினேழில், ஜெயந்தினி சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு பத்து வாரமாக நடந்து வருபவர்களுக்கு அந்த வட்டம் எதற்கென்று தெரியும். வழியில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பிறப்புப் புத்தகம் இருந்தது. இருபது வருடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் மருத்துவிச்சி பேச்சியம்மா அதில்தான் எழுதினாள். பாதிப் பேரின் பிறப்பை யாரும் பதிவுகாரரிடம் கொண்டு போகவில்லை. அந்தப் பாதியில் நூற்று எண்பத்துமூன்று பேருக்கு இன்றைக்கும் அடையாள அட்டை கிடையாது. அதிகாரிகள் இரண்டு முறை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த காலத்தில் எழுதிய எழுத்து ஒன்று வேண்டும் என்றார்கள்.

போன வருடத்து மழையில் டிஸ்பென்சரிக் கூரை விழுந்து புத்தகம் நான்கு நாள் தண்ணீரில் கிடந்தது. ஜெயந்தினி அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, அடுப்போரம் வைத்து ஏடு ஏடாகக் காயவைத்து, இரவல் வாங்கிய ஸ்கேனரில் தொண்ணூற்று நான்கு பக்கத்தையும் படமாக எடுத்துக் கொம்பியூட்டரில் போட்டாள். எடுத்து முடித்த ஒரு மாதத்தில் புத்தகம் பூஞ்சை பிடித்துக் கையோடு உதிர்ந்தது. இனிப் படம்தான் புத்தகம். நாளைக்கு மஸ்கெலியாவில் நடமாடும் சேவை. கொழும்பிலிருந்து அடையாள அட்டை அதிகாரிகள் வருகிறார்கள். அதற்கான பிரதிகளை இன்றைக்கு அட்டன் டவுனுக்குப் போய் எடுக்க வேண்டும்.

ஜெயந்தினி மேசைத்துணியை இழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

கொம்பியூட்டர் எப்போதும்போலச் சத்தம் போட்டு எழும்பியது. திரையில் அதே மலைப் படம். வேகமும் குறையவில்லை. வைரஸ் வந்த கொம்பியூட்டர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவை இழுத்துக்கொண்டு கிடக்கும், நடுவில் நின்று போகும், திரை முழுக்கக் கண்டதையெல்லாம் காட்டும். இது நல்ல பிள்ளைபோல இருந்தது. சுமன் போட்டு வைத்திருந்த பாட்டு ஒன்றை அழுத்தினாள். பாடியது.

பிறப்புப் புத்தகத்தின் கோப்புறையைத் திறந்தாள்.

தொண்ணூற்று நான்கு கோப்புகளும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. படத்தின் சின்னம் போய் வெறும் வெள்ளைத் தாள். முதலாவதை அழுத்தினாள். திறக்கவில்லை. பத்தாவது திறக்கவில்லை. நாற்பதாவதும் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் மாறிய நேரம் ஒன்றுதான்: பதின்மூன்றாம் திகதி, வியாழக்கிழமை, மாலை ஆறு பத்து. அவள் கண்டிக்குப் போன அன்று.

கோப்புறையின் அடியில் தொண்ணூற்றைந்தாவதாக ஒன்று கிடந்தது. அவள் வைக்காத ஒன்று. அது மட்டும் திறந்தது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம். திறப்புச் சாவி எங்களிடம் இருக்கிறது. வேண்டுமானால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். விலை முந்நூறு டொலர். வேறு யாரிடமும் போய்ப் பிரயோசனமில்லை.

பக்கத்துக் கோப்புறையிலும் அதே கடிதம். அதற்கடுத்ததிலும். வாசலுக்கு வாசல் நோட்டீஸ் ஒட்டியதுபோல.

அவள் திரும்பினாள்.

"யாருடா?"

சுமன் எழும்பி நின்றான். "அக்கா, டோஹாவுல வேலைன்னு கொமினிகேசன் கடை நெட்டுல ஒரு மெயில் வந்திருந்திச்சு. விண்ணப்பம் உள்ள இருக்கு, திறந்து நிரப்புங்கன்னு இருந்திச்சு. அங்க மணிக்கு அறுபது ரூவா. சரி, பென்டிரைவுல போட்டு வீட்டுல கொண்டாந்து நிதானமா நிரப்பலாம்னு..."

"எந்தப் பென்டிரைவ்?"

அவன் மேசைத்துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"எந்தப் பென்டிரைவ்டா?"

"ஒன்னோடதுதான். நீல கலர்."

அந்த நீலப் பென்டிரைவில்தான் புத்தகத்தின் இன்னொரு பிரதி இருந்தது. எடுத்துச் செருகினாள். அதே வால். அதே வெள்ளைத் தாள். அதே கடிதம்.

"ஐடென்டியே இல்லாதவனுக்கு எந்த நாட்டுக்காரன்டா வேலை தருவான்? அதை எடுக்கத்தானே நாளைக்கி நாயாப் பேயா அலையப் போறோம்?"

"வந்துரும்ல. வந்தோடன ரெடியா இருக்கலாம்னு பாத்தேன்."

அவனை அடித்திருப்பாள். ஆனால் கொழும்பில் கடையில் வேலை செய்தவனை அட்டை இல்லையென்று இரண்டு முறை பிடித்து உள்ளே வைத்தார்கள். இரண்டாம் முறை பதினொரு நாள். அதற்குப் பிறகுதான் வேலையை விட்டுவிட்டு லயத்துக்கு வந்து கிடந்தான். நாற்பத்தேழாம் பக்கத்தில் மேலிருந்து மூன்றாவது வரி அவன். வேறு எந்தத் தாளிலும் அவன் இல்லை.

"வியாழக்கிழமை நடந்திருக்கு. ஒருத்தரும் எனக்கு ஒரு போன் கோல் எடுக்கல."

"நான்தான் வேணாம்னேன்" என்றார் வீரய்யா.

அவர் அதுவரை வாசற்படியில் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தார். இப்போது எழும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். சங்கக் கடுதாசிகளை அப்படித்தான் எடுப்பார்.

"நோட்டீஸ் வந்திருக்கு. நோட்டீஸ் வந்தா பதில் போடணும். போட்டேன்."

"யாருக்குப் போட்டீங்க?"

"அதுல வெலாசம் இருந்திச்சே. அந்த ஆளுக்குத்தான். மஸ்கெலியாவுல ஆண்டியப்பன்கிட்டப் போயி இங்கிலீசுல டைப் அடிச்சு, கொமினிகேசன்ல குடுத்து அனுப்பினேன்."

ஆண்டியப்பன் தபால் கந்தோர் ஓரமாக டைப்ரைட்டர் வைத்திருப்பவன். பெட்டிசன் எழுதுவது அவன் தொழில். காணாமல் போனவர்களுக்கும், கூரைத் தகரத்துக்கும், தண்ணீர்க் குழாய்க்கும் அவனிடம் ஒரே அளவு பணிவுதான் உண்டு. ஜெயந்தினி தாளை வாங்கினாள். ஆங்கிலத்துக்குக் கீழே, அப்பா சொன்ன தமிழையும் அவன் அப்படியே எழுதி வைத்திருந்தான்.

"கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு. மேக்கணக்கு தோட்டத் தலைவர் மு. வீரய்யா மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் பூட்டியிருக்கும் கோப்புகள் எங்கள் தோட்டத்து நூற்று எண்பத்துமூன்று ஏழைத் தொழிலாளிகளின் பிறப்புக்கு உள்ள ஒரே அத்தாட்சி என்பதையும், வேறு பிரதி எவ்விடத்திலும் இல்லை என்பதையும், வருகிற பதினேழாம் திகதி காலை எட்டு மணிக்கு அவற்றை அதிகாரிகள் முன் வைக்கத் தவறினால் எங்கள் பிள்ளைகளின் வாழ்வு பாழாகும் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். தாங்கள் மனமிரங்கி..."

மேலே படிக்க முடியவில்லை. தாளை மடித்தாள்.

"பதில் வந்துச்சா?"

"நேத்து வந்துச்சு."

"என்னா சொல்றான்?"

வீரய்யா சுவரைப் பார்த்தார். சுமன்தான் சொன்னான். "ரெண்டே வரி அக்கா. வெல தொள்ளாயிரம். பதினேழாந் திகதி காலையில எட்டு மணிக்குள்ள."

அடுப்படியிலிருந்து ராக்காயி பேசினாள். "முந்நூறுன்னு இருந்தப்ப எங்கிட்ட சொல்லியிருந்தா என் சீட்டை ஏலத்துல எடுத்து, தோட்டைக் கழட்டி எப்பிடியாச்சும் கட்டியிருப்பேன். தலைவரு பேசி முடிச்சுட்டு வந்தாரு. மூணு மடங்காக்கிட்டு வந்தாரு."

"வாய மூடு."

"நான் மூடுறேன். தொறக்க வேண்டியதைத் தொறங்க."

துரைமாருக்கு எழுதிய பெட்டிசன் எல்லாமே அப்படித்தான். எங்களிடம் எதுவுமில்லை, உங்களை விட்டால் நாதியில்லை என்று முதல் பந்தியில் சொல்ல வேண்டும். துரைக்குத் தன்னுடைய பெரிய மனது தெரிந்து இரண்டு தகரம் கொடுப்பார். இருபத்தாறு வருடம் வேலை செய்த வழி அது. இப்போது அந்த வழியிலேயே போய், பூட்டியவனுக்குப் பூட்டின் விலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு அது விளங்கிவிட்டது என்பது ஜெயந்தினிக்குத் தெரிந்தது. அதனால் எதுவும் சொல்லாமல் கொம்பியூட்டரின் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அட்டனுக்குப் போறேன். துரைராசா சேர்கிட்ட."

"பெட்டி கனம். நானும் வாரேன்" என்றான் சுமன்.

"நீ வேணாம். வழியில புதுசா செக்பொயின்ட் போட்டிருக்கான்."

"காலையிலதான் நிப்பானுங்க. ஞாயித்துக்கெழம யாரு நிக்கப் போறா. தொரை கடுதாசி இருக்கு என்கிட்ட."

தோட்டத்தில் வேலை செய்பவரின் மகன்தான் என்று துரை கையெழுத்துப் போட்ட கடிதம். எட்டு மாதம் பழசு. ஜெயந்தினி பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். லயத்திலிருந்து ரோட்டுக்கு இரண்டு மைல் இறக்கம், வழி முழுக்கச் சேறு. அவளால் தூக்க முடியாது.

மழை தூறத் தொடங்கியது. ராக்காயி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும், மழை தாங்கும் கறுப்புப் படங்கை எடுத்துவந்து, பெட்டியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

---

துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். இடம்பெயர்ந்து வந்து பன்னிரண்டு வருடம். அட்டனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறார். மலையகத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய பேச்சு விளங்க ஒரு மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு வேறு யார் பேசினாலும் பிடிக்காது.

கடிதத்தைப் படித்தார். கோப்புகளின் வாலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைப் பற்றி வாசிச்சனான். கண்ணால இண்டைக்குத்தான் காணுறன்."

"எடுக்கலாமா சேர்?"

"பொறும் பிள்ளை. வைரஸ் இப்ப இதுக்குள்ள இல்லை. பூட்டிப்போட்டுத் தன்னைத்தானே அழிச்சுக்கொண்டு போட்டுது. கள்ளன் போய் மூண்டு நாள். அவனை இனித் தேடிப் பிடிச்சு என்ன செய்யிறது? பூட்டுத்தான் பிரச்சினை. அந்தப் பூட்டை உடைக்க இந்த உலகத்துக் கொம்பியூட்டர் எல்லாத்தையும் சேர்த்து வைச்சாலும் அது உடைஞ்சு முடியேக்க நாங்கள் உயிரோட இருக்க மாட்டம்."

சுமன் கதவோரம் நின்று பெட்டியின் கயிற்றைச் சுருட்டினான்.

"ஆனா இன்னொண்டு இருக்கு" என்றார் துரைராசா. "இவன் உம்மட படத்தைப் படிச்சு, பூட்டின பிரதி ஒண்டைப் புதுசா எழுதிப்போட்டுப் பழசை அழிக்கிறான். அழிச்சதெண்டா உடனே மண்ணாப் போறதில்லை. அந்த இடத்தில வேற ஒண்டு வந்து குந்தும் வரைக்கும் பழசு அப்படியே கிடக்கும். ஆளில்லாத வீடு மாதிரி. புதுசா ஆரும் குடிவராட்டித் தேடி எடுக்கலாம்."

ஜெயந்தினி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மூன்று மணி நேரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

"கடிதத்தைக் கண்டோடன கரண்டைப் பிடுங்கினனீங்களோ?"

அவள் சுமனைப் பார்த்தாள்.

"இல்லீங்க சேர்" என்றான். "கடையில கேட்டேன். அன்டிவைரஸ் போடச் சொன்னாங்க. போட்டேன்."

"எத்தனை?"

"ஒன்னு போட்டேன், ஒன்னுமில்லேன்னு சொல்லிச்சு. அப்புறம் இன்னொன்னு. அப்புறம் ஒன்னு. மூணு சீடி."

"பிறகு?"

"பெரிய ஃபைல் ஏதாச்சும் போட்டா அதையும் பூட்டுதான்னு பாக்கலாம்னு சினிமாப் படம் அந்தப் பென்டிரைவுல கொண்டாந்து கொப்பி பண்ணினேன்."

"எத்தனை படம்?"

"ஆறு."

துரைராசா மீண்டும் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு படம். நல்ல படங்களோ?"

"ரெண்டு பரவால்லீங்க சேர்."

"இருக்கும், இருக்கும்." பெட்டியைத் திறந்து வன்தட்டைக் கழற்றித் தன்னுடைய கொம்பியூட்டரில் இரண்டாவதாக மாட்டினார். "தங்கச்சி, ரெண்டு இடத்தில வையும் எண்டு உமக்குச் சொன்னனான் எல்லோ?"

"வச்சேன் சேர். சீ டிரைவுலயும் டீ டிரைவுலயும். பென்டிரைவுலயும்."

"சீ-யும் டீ-யும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிற ரெண்டு காம்பரா. லயத்துக்கு நெருப்புப் பிடிச்சா ஒரு காம்பரா மட்டுமோ எரியிறது? பென்டிரைவ் எண்டா வேலை முடிஞ்சோடன கழட்டி, ஒருத்தரும் தொடாத இடத்தில வைக்க வேணும். நூறு ரூவாச் சீடி ஒண்டில எழுதி அலுமாரியில வைச்சிருந்தா அவனாலயும் ஏலாது, உம்மட தம்பியாலயும் ஏலாது. எழுதின சீடியில திருப்பி எழுத ஒருத்தராலயும் ஏலாது."

அவளுக்கு அது தெரியும். சீடி எழுத அட்டனுக்கு வர வேண்டும். வரும்போதெல்லாம் வேறு வேலை இருந்தது.

"காசு கட்டினாத் தொறந்து குடுப்பானா சேர்?"

"சிலவேளை குடுப்பான். சிலவேளை இன்னும் கேப்பான். ஆரிட்டப் போய் முறையிடுவீர்?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அப்பா பதில் போட்டதுதான் பெரிய பிழை. அவன் ஆயிரம் பேருக்கு வலை போட்டவன். எதில மீன், எதில சருகு எண்டு அவனுக்குத் தெரியாது. நீங்களாப் போய் மீனுக்கு நிறை சொல்லியிருக்கிறியள்."

தேடும் மென்பொருள் ஒன்றே முக்கால் மணிக்கு ஓடத் தொடங்கியது. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. சுமன் கீழே போய் மூன்று பேருக்கும் வடை வாங்கி வந்தான். யாரும் தொடவில்லை. கடைசியில் அவனே தின்றான்.

மூன்று மணிக்கு முதல் பக்கம் வந்தது. எட்டாம் பக்கம். பேச்சியம்மாவின் சாய்ந்த எழுத்து, ஈரக் கறை, எல்லாம் அப்படியே. ஜெயந்தினி திரையைத் தொட்டாள். அடுத்தது பாதி. மேலே நான்கு வரி, கீழே சாம்பல் நிறம். அடுத்தது முழுக்கச் சாம்பல். பிறகு நிறையச் சாம்பல்.

நாலே முக்காலுக்குக் கோடு நின்றது. தொண்ணூற்று நான்கில் பதினொன்று.

துரைராசா பதினொன்றையும் அச்சடித்துக் கொடுத்தார். அவள் பெயர்ப் பட்டியலை வைத்து ஒத்துப் பார்த்தாள். நூற்று எண்பத்துமூன்றில் இருபத்திரண்டு பேர். எண்பத்தைந்தாம் ஆண்டில் கிடைத்தது ஒரே ஒரு பக்கம். அது நாற்பத்தெட்டு.

"நாப்பத்தேழு?" என்று கேட்டான் சுமன்.

துரைராசா தலையாட்டினார். "அதில உம்மட படம் ஒண்டு குந்தியிருக்கு, தம்பி."

அவர் பூட்டிய கோப்புகளைச் சீடியில் எழுதி ஜெயந்தினியிடம் நீட்டினார். "இதை எறிஞ்சு போடாதையும். ஒரு நாளைக்கு ஆராவது திறப்பைக் கண்டுபிடிக்கலாம். ஒரு வருசமோ பத்து வருசமோ. இப்பத்தைக்கு இது கல்லுத்தான்."

அவள் சீடியைக் கைப்பையில் போட்டாள். சுமன் பெட்டியைப் படங்கில் சுற்றினான். அவனுக்கு அம்மாபோலக் கட்டத் தெரியாது. வயர் ஒன்று வெளியே தொங்கியது.

---

திரும்பும் வழியில் செக்பொயின்டில் பஸ் நின்றது ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள்.

வரிசையில் சுமனுக்கு முன்னால் ஏழு பேர். ஜெயந்தினி எண்ணினாள். கொழும்பில் அந்த மாதம் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. மலையில் வெடிக்கவில்லை. ஆனால் கொழும்பில் வெடித்தால் மலையிலும் வரிசை நிற்க வேண்டும்.

பொலிஸ்காரன் சுமனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தான். இறுக்கிக் கட்டிய கறுப்புப் படங்கு, அதற்குள் சதுரமாக ஏதோ ஒன்று, வெளியே தொங்கும் ஒரு வயர்.

"மொகத மே?" என்றான், என்ன இது என்று.

வரிசை தானாகப் பின்னால் நகர்ந்தது. சுமன் மட்டும் தனியாக நின்றான்.

"கொம்பியூட்டர், சேர்" என்று ஜெயந்தினி முன்னால் வந்து சிங்களத்தில் சொன்னாள். "பழுது. திருத்தக் கொண்டு போனோம்."

"நீ யார்?"

"அக்கா."

"அவனுடைய ஐடென்டி?"

மூட்டையைத் தரையில் வைக்கச் சொன்னார்கள். சுமனை அதற்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார வைத்தார்கள். பஸ் போய்விட்டது. அவளை மட்டும் ரோட்டோரத்துத் தகரக் கொட்டிலுக்குள் கூப்பிட்டார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் வயதானவர். கத்தவில்லை. தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவளுடைய அட்டையை வாங்கி மேசையில் வைத்தார். சுமனிடமிருந்து எடுத்த துரை கடிதம் ஏற்கெனவே அங்கே கிடந்தது, மேலே திகதி மட்டும் தெரிய, மடிப்புப் பிரிக்காமல்.

"இது எட்டு மாதம் பழசு."

"நாளைக்கு மஸ்கெலியாவில் அட்டைக்கு எழுதுகிறோம், சேர். நடமாடும் சேவை."

"எல்லோரும் நாளைக்குத்தான் எழுதுகிறார்கள். இவன் தோட்டத்தில் பிறந்தவன் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா?"

அவள் கைப்பையைத் திறந்தாள். பதினொரு தாள். மேலே இருந்தது நாற்பத்தெட்டாம் பக்கம்.

அவள் அதை அதுவரை சரியாகப் படித்திருக்கவில்லை. இப்போது கொட்டிலின் மங்கல் பல்பில் படித்தாள். ஆறாவது வரி. எண்பத்தைந்து மார்ச் ஒன்பது. ஆண். தாய் மீனம்மா. தகப்பன் இராமையா. பிள்ளைக்குப் பெயர் எழுதவில்லை. பேச்சியம்மா பெயர் எழுதுவதில்லை. பெயர் முப்பத்தோராம் நாள்தான் வைப்பார்கள், அதற்குள் புத்தகத்தில் அடுத்த பக்கம் ஓடிவிடும். மீனம்மாவின் அந்தப் பிள்ளை இரண்டு வயதில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சார்ஜன்டுக்குத் தெரியாது. அவருக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது.

"இதுதான், சேர்." விரலை வரியில் வைத்தாள்.

"வாசி."

வாசித்தாள். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். தகப்பன் பெயரில் பேனை நின்றது. அவளுடைய அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"உன் தகப்பன் வீரய்யா."

"நான் அவனுக்குப் பெரியம்மா மகள். சின்னம்மா மகன் அவன். எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான்."

சிங்களத்தில் அதற்கும் தம்பி என்றுதான் சொல்வார்கள். சார்ஜன்ட் தலையாட்டினார். மூக்கைத் துடைத்தார். எழுந்து வாசலுக்குப் போனார்.

வெளியே மூட்டையைப் பிரித்திருந்தார்கள். பெட்டியின் மூடி கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுமன் முழங்காலில் இருந்தபடியே அவர்களுக்கு எது மின்விசிறி, எது வன்தட்டு என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஏய். தகப்பன் பெயர் என்ன?"

கொழும்பில் இரண்டு முறை பிடிபட்டவன் அவன். அங்கே கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: கேட்டவுடன் சொல்ல வேண்டும், யோசித்தால் அடி விழும்.

"வீரய்யா, சேர்."

சார்ஜன்ட் திரும்பி வந்து உட்கார்ந்தார். துரை கடிதத்தை இப்போதுதான் மடிப்புப் பிரித்து வாசித்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது, அதை அவரால் வாசிக்க முடிந்தது. வீரய்யாவின் மகன் சுமன். பிறகு ஜெயந்தினியைப் பார்த்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

"பழைய கடிதம்தான். பெட்டியும் கொம்பியூட்டர்தான். நீ சும்மா இருந்திருந்தால் எழுதி வைத்துக்கொண்டு அனுப்பியிருப்பேன்."

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதுமில்லை.

"சேர், பயத்தில் சொல்லிவிட்டேன். அவன் என் சொந்தத் தம்பி. அவனுடைய பக்கம் தொலைந்துவிட்டது. கொம்பியூட்டரில் பூட்டு விழுந்து..."

"எந்தப் பூட்டு?"

அவள் விளக்கத் தொடங்கினாள். எங்கேயோ ஒரு தேசத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவன், ஒரு மின்னஞ்சல், தொள்ளாயிரம் டொலர், நாளைக் காலை எட்டு மணி. சொல்லச் சொல்ல அவளுக்கே காதில் விழுந்தது, அது எப்படிக் கேட்கிறது என்று. சார்ஜன்ட் மீண்டும் பேனையை எடுத்தார்.

"வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு உங்கள் அப்பா கடிதம் எழுதினாரா? கெடு வைத்துப் பணம் கேட்கிறானா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுவும் பிந்திவிட்டது.

"அந்தக் கடிதத்தை நாளைக்குக் கொண்டு வா. உன் அப்பாவையும் கூட்டி வா. பெட்டி இங்கே இருக்கும். கொழும்பில் பார்ப்பார்கள்."

"நாளைக்கு நடமாடும் சேவை, சேர். இந்தத் தாள்களில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு நான் அங்கே இல்லாவிட்டால்..."

"எட்டு மணிக்கு இங்கே இரு."

அவர் பதினொரு தாளையும் ஒன்றாக அடுக்கி, துரை கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் போட்டார். அவற்றைத் திருப்பிக் கேட்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு இழுப்பறைக்குள் போய்விட்டது.

கொட்டிலுக்குப் பின்னால் கல்லால் கட்டிய ஒற்றை அறை ஒன்று இருந்தது. முன்பு ரோட்டு வேலைக்காரர்கள் மண்வெட்டி வைத்த இடம். சுமனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அவன் திமிறவில்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான், வீட்டுக்குள் போகிறவன்போல.

"அக்கா, நீ உள்ள என்னா சொன்ன?"

"ஒன்னுமில்லடா."

"நான் ஏதும் மாத்திச் சொல்லிட்டேனா?"

"இல்ல. நீ சரியாத்தான் சொன்ன."

அவன் தலையைக் குனிந்து உள்ளே போனான். பொலிஸ்காரன் தகரக் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினான். ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு சாவியை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனான்.